மூடின பானையில உப்பு

உக்காருங்க்கா. அந்த மணையை இழுத்துப் போட்டுக்குங்க, தரை ஈரம். நான் வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே சொல்றேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. இன்னும் இத்தனை கெடக்குது பாருங்க. கை வேலையா இருந்தாத்தான் எனக்கு ரெண்டு வார்த்தை வரும். சும்மா மொகத்தைப் பார்த்துப் பேசுன்னா நாக்கு மேல ஒட்டிக்கும். இந்தத் தெருவுக்கே தெரியும், தாரணிக்கு வாயே கெடையாதுன்னு.

கண்ணுல தண்ணி வருதேன்னு பாக்காதீங்க. வெங்காயந்தான். அழறதுக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்லை.

அந்தப் பீகார்க் கறியைப் பத்தித்தானே கேட்டு வந்தீங்க? ரேஷன் கடையில எங்க அத்தை சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. அன்னையிலிருந்து ரேஷன் கடை, மாரியம்மன் கோயில், மாவு மில்லு, ஒரு எடம் பாக்கி இல்லை. "எங்க தாரணி வச்ச கறி, எங்க தாரணி வச்ச கறி"ன்னு என் பேரைப் போட்டுப் போட்டுச் சொல்லிட்டு வர்றாங்க. எனக்குத் தெருவுல நடக்கவே கூச்சமா இருக்குதுங்க்கா. மருமக ஒரு தப்பு செஞ்சுட்டான்னா, அதை வீட்டோட வைக்கற மாமியாரும் இருக்கறாங்க. எனக்கு வாய்ச்சது இப்படி.

என்னங்க்கா, உப்பா? இலையில எந்தப் பக்கம் வைக்கறதுன்னா? மூணு விரல்ல எடுக்கணுமா, ரெண்டு விரல்லயான்னா?

அய்யோ. அதையும் சொல்லிட்டாங்களா.

கொஞ்சம் கிட்ட வாங்க. ஞாயித்துக்கிழமை உங்க சம்பந்தி வீட்டுக்காரங்க விருந்துக்கு வர்றாங்கன்னு சொல்றீங்க. இதைச் சொல்லாம அனுப்பினா அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். அந்தக் கறிக்கு உப்புப் போடணும்க்கா. நம்ம கறிக்குப் போடற மாதிரியே, மூடறதுக்கு முன்னாடி, பானையிலயே போடணும். இலையில வைக்கறது, விரல்ல எடுக்கறது எல்லாம் எங்க அத்தை கெளப்பி விட்டது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது எப்படி வந்துச்சுன்னா, மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

எங்க வீட்டுல உப்பு அத்தை கை. காய் அரியறது நான், மசாலா அரைக்கறது நான், அடுப்புக்கு முன்னாடி நின்னு வேகறது நான். கொதி வந்ததும் "அத்தைங், உப்பு"ன்னு ஒரு குரல் குடுக்கணும். அவங்க டிவியை விட்டுட்டு எந்திரிச்சு வந்து, ஜாடிக்குள்ள கையை விட்டு, கல்லுப்பை அள்ளிப் போட்டுட்டுப் போயிருவாங்க. கொழம்பைப் பாக்கறதுகூட இல்லை. சரியா இருக்கும். அதுதாங்க்கா எரிச்சலே, ஒரு நாளாவது கரிக்கணுமே! அவங்க மாமியாரும் அப்படித்தானாம். படுக்கையில விழற வரைக்கும் ஜாடியை இவங்ககிட்டக் குடுக்கலையாம். இவங்களுக்கு அப்ப நாப்பது வயசு தாண்டிருச்சாம். அதைச் சொல்றப்போ மட்டும் எங்க அத்தைக்குக் குரல் ஒரு மாதிரி ஆகும்.

உப்பு யார் கையோ, கொழம்பு அவங்க பேரு. அதனால இந்த வீட்டுல எல்லாம் அத்தை கொழம்பு. எங்கூட்டுக்காரரோட அக்கா பூங்கொடி நங்கையா இருக்கறாங்களே, காங்கயத்துல கட்டிக் குடுத்தது, அவங்க வந்து வச்சா அது நங்கையா ரசம். நான் வந்து நாலு வருசம் ஆச்சு. பாப்பா பொறந்து நடந்து ஓடறா. என் பேரைச் சொல்ல ஒரு தொவையல் கெடையாது. ஒருக்கா மாரியம்மன் நோம்பிக்கு வந்தப்போ நங்கையா சொன்னாங்க, "தாரணி வெங்காயம் உரிக்கத்தான் லாயக்கு. ஆனா நல்லா உரிப்பா"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு வந்து பாத்திரம் தேய்க்கையில நெனச்சேன், ஒரே ஒரு நாள், எல்லாரும் தின்னுட்டு "இது தாரணி வச்சது"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். ஒரு பொம்பளைக்கு அது பெரிய ஆசையாங்க்கா?

அப்பத்தான் சுனைனா. பின்னாடி லைன் வீட்டுல குடி இருக்கறா. பீகார்ல மோதிஹாரிப் பக்கம். புருசனும் அவளும் பனியன் கம்பெனிக்குப் போறாங்க. அங்க கத்துக்கிட்ட தமிழுதான், எதுக்கெடுத்தாலும் அவசரந்தான், "வெசையா அக்கா, வெசையா". தண்ணிக் குழாய்ல நிக்கறப்போ பழக்கம். நான் ஆறாவதோட நின்னவ, அவ பள்ளிக்கூட வாசப்படியே மிதிக்காதவ. எனக்கு வாய் இல்லை, அவளுக்குத் தமிழ் இல்லை. அதனாலயோ என்னமோ, நாங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா குடம் நெறஞ்சு வழியும்.

ஒரு ஞாயித்துக்கெழமை வாசல்ல கரி போட்டு மண்பானையில கறி வச்சா. வாசனைக்குப் பாப்பா அங்கயே போய் உக்காந்துட்டா. ஒரு கிண்ணத்துல குடுத்தா. பாப்பா தின்னுட்டுக் கிண்ணத்தை விட மாட்டேங்கறா. மிச்சத்தை நான் விரல்ல தொட்டுப் பார்த்தேன். காரம்னா காரம், ஆனா தொண்டையைக் கடிக்காது. கறி அப்படியே நூலாட்டம் விடுது. எப்படிச் செஞ்சன்னு கேட்டா, எல்லாத்தையும் ஒண்ணாப் பெசஞ்சு பானையில போட்டு, மூடியைச் சுத்திக் கோதுமை மாவால ஒட்டிருவாங்களாம். வேகற வரைக்கும் தெறக்கக் கூடாது. கிண்டக் கூடாது. ருசி பாக்கக் கூடாது. துணியில புடிச்சு, பானையோட தூக்கி ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.

அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? மூடிட்டா குறுக்க யாரும் கையை விட முடியாதில்ல!

எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவர் அத்தைகிட்டச் சொன்னார். "அம்மா, அக்கா வீட்டுக்காரங்க வர்ற அன்னைக்குத் தாரணி கறி வைக்கட்டும்." அதுக்கு அத்தை, "வைக்கட்டுமே, நான் என்ன அடுப்பைக் கட்டிப் புடிச்சுட்டா இருக்கறேன்?"ன்னாங்க. சொல்லிட்டு என்னைத் திரும்பி ஒரு பார்வை. அந்தப் பார்வையில எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கலை.

அந்த ஞாயித்துக்கெழமை காலையிலயே சுனைனா வந்துட்டா. கையில கடுகெண்ணெய் பாட்டில். எண்ணெயைப் புகை வர்ற வரைக்கும் காய்ச்சி எறக்கி ஆற வைக்கணுமாம், அப்பத்தான் நெடி போகும். அத்தை மூக்கைப் பொத்திட்டு வந்தாங்க. "ஏம்புள்ளைகளா, முட்டி வலிக்குத் தேய்க்கற எண்ணெயை ஊத்தியா என் மாப்பிள்ளைக்குச் சோறு போடப் போறீங்க?"

"அம்மாஜி, டேஸ்ட் வரும் அம்மாஜி"ன்னா சுனைனா. அம்மாஜின்னு கூப்பிட்டா அத்தைக்கு உள்ளுக்குள்ள இனிக்கும். காட்டிக்க மாட்டாங்க. பக்கத்துல உக்காந்து பூண்டை எடுத்து வெடுக்கு வெடுக்குன்னு உரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சுனைனா கத்திக்கிட்டே வந்து புடுங்கினா. பூண்டு முழுசா, கொத்தாப் போடணும், மேல்தோலை மட்டும் எடுத்துட்டு. "உரிக்காத பூண்டா? சோம்பேறிங்க சமையல்"னு முணுமுணுத்துட்டுக் கையைக் கழுவப் போயிட்டாங்க.

அரிஞ்ச வெங்காயம், கறி, இஞ்சி அரைச்சது, மொளகாத்தூள், மல்லித்தூள், பட்டை, கருப்பு ஏலக்காய், வரமொளகா முழுசா, அந்த எண்ணெய், எல்லாம் போட்டு நான்தான் பெசஞ்சேன். என் கையால. பெசஞ்சு முடிச்சதும் பழக்கத்துல "அத்தைங், உப்பு"ன்னுட்டேன். அவங்க வர்றாங்க, அந்த நேரம் பாத்துப் பாப்பா உள்ள விழுந்து அழறா. ஓடுனேன். தூக்கிச் சமாதானம் பண்ணிட்டு வந்து பாத்தா, உப்பு ஜாடி கறிக்குப் பக்கத்துல இருக்குது. மூடி தெறந்திருக்குது. அத்தை கையை முந்தானையில தொடச்சிட்டே வெளிய போறாங்க. நீங்களே சொல்லுங்க, அதைப் பாத்தா என்ன நெனைப்பீங்க? போட்டாச்சுன்னுதானே? நாலு வருசமா அவங்க போட்டாத்தானே உப்பு? நான் ஜாடியை மூடி மேல வச்சுட்டு, கறியைப் பானையில போட்டு, மாவை ஒட்டிட்டேன். வெளிய கரி அடுப்புல ஏத்தியாச்சு.

வெயில் ஏறறப்போ நங்கையா, அவங்க வீட்டுக்கார அண்ணா, நங்கையாவோட மாமியார் மூணு பேரும் வந்தாங்க. அந்தச் சம்பந்தியம்மா இருக்கறாங்களே, அவங்க இங்க தும்மினா காங்கயத்துல கேக்கும். வந்ததும் சேரை எடுத்துட்டுப் போய்ப் பானைக்கு எதுத்தாப்பல போட்டு உக்காந்துட்டாங்க.

"என்னங் சம்பந்தி, புதையல் பானையாட்ட ஒட்டி வச்சிருக்கறீங்க?"

எங்க அத்தை நெஞ்சை நிமித்திட்டு, "எங்க தாரணி மூடினா மூடினதுதானுங். வேகற வரைக்கும் எந்தச் சாமி வந்து கேட்டாலும் தெறக்க மாட்டா"ன்னாங்க. எனக்கு ஒரே வெக்கம். உள்ள ஓடி வந்துட்டேன். பின்னாடியே அத்தையும் வந்தாங்க. கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, மெதுவா, "உப்பு எவ்வளவு போட்ட?"ன்னாங்க.

"நீங்கதானே போட்டீங்க அத்தை?"

"நானா? ஜாடியை உன் பக்கத்துல வச்சுட்டுத்தானே போனேன்?"

"ஜாடி தெறந்திருந்துச்சே..."

"நீ போடட்டும்னுதான் தெறந்து வச்சேன்!"

பார்த்தீங்களாக்கா? நாலு வருசமாத் தொட விடாத ஜாடியை, அன்னைக்குன்னு பார்த்து என் பக்கத்துல வைக்கணுமா? வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? வேணும்னே செஞ்சாங்கன்னு நான் சொல்லலை. சொல்ல மாட்டேன். மனசுல நெனைச்சேன், அவ்வளவுதான்.

என் பேரைச் சொல்ல ஒரு கறி, அதுவும் உப்பில்லாத கறி. நங்கையா சிரிக்கற சிரிப்பு இப்பவே காதுல கேக்குது. "போய்த் தெறந்து போட்டுடறேன் அத்தை"ன்னு கௌம்பினேன். அத்தை கையைப் புடிச்சுட்டாங்க.

"அந்தம்மா முன்னாடியா? மருமகளுக்கு உப்புப் போடத் தெரியலைன்னு காங்கயம் பூராச் சொல்லும். உன் பேரு என்னத்துக்காகறது?"

என் பேராம்! என் பேர் மேல திடீர்னு என்ன அக்கறை? அவங்க மூடினா மூடினதுன்னு வீராப்பு பேசிட்டாங்க, இப்பத் தெறந்தா அவங்க மொகத்தை எங்க கொண்டுபோய் வைக்கறது? எனக்கென்ன, புரியாதா?

"பேசாம பொட்டாட்ட இரு, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு வெளிய போய், அவங்களும் ஒரு சேரைப் போட்டுப் பானையை ஒட்டி உக்காந்துட்டாங்க. வெயிலுக்கு மொகம் செவந்துபோச்சு, எந்திரிக்கலை. நான் ஏதாவது செஞ்சிருவேன்னு காவல். சுனைனாவும் நானும் பானையைக் குலுக்கறப்போ மட்டும் கொஞ்சம் நகந்துக்குவாங்க. நடுவுல நங்கையா ஒரு கரண்டிக் காம்பை எடுத்துட்டு வந்து, "ஒரே ஒரு ஓரத்துல பாக்கறேன்மா"ன்னு மாவை நெம்பப் போனாங்க. அத்தை பட்டுன்னு கையில ஒண்ணு போட்டாங்க. பெத்த மக கையிலங்க்கா! சம்பந்தியம்மா பாத்துட்டிருக்காங்க!

மாவு செவந்து பிஸ்கட்டாட்டம் ஆச்சு. உள்ள களக்களன்னு கேட்ட சத்தம் கொறஞ்சு, எண்ணெய் பொரியற சத்தம் மட்டும் வந்துச்சு. சுனைனா காதை வச்சுக் கேட்டுட்டு, "ஹோ கயா"ன்னா, ஆயிருச்சாம். மாவை ஒடச்சு மூடியைத் தூக்கினோம் பாருங்க, அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு நாய் காம்பவுண்டு செவுத்து மேல வந்து நின்னுச்சு. பொய்யில்லை.

இலை போட்டாச்சு. நான் அடுப்படிக் கதவு நெலவுக்குப் பின்னாடி நிக்கறேன். சுனைனாகிட்ட அப்பத்தான் காதுல சொன்னேன், உப்பில்லைன்னு. அவ கண்ணை இத்தனை பெருசா ஆக்கிட்டு, சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டா.

அத்தை ஒரு கிண்ணத்துல பொடியுப்பைக் கொண்டு வந்தாங்க. நாம இலை ஓரத்துல வைக்கற மாதிரி இல்லைங்க, கறிக்குப் பக்கத்துல, நல்லா மேடாட்ட. வச்சுட்டு நிமிந்து நின்னுக்கிட்டு, பள்ளிக்கூடத்து டீச்சராட்டம் சொன்னாங்க. "இது அவங்க நாட்டு முறைங். பானையில உப்பே போட மாட்டாங்க. மொதல்ல மூணு விரல்ல உப்பை எடுக்கணும். கறி மேல சுத்தியும் தூவணும். பொறவு பூண்டைப் பிதுக்கி, ஒரு பெரட்டு பெரட்டி, அப்பத்தான் வாயில வைக்கணும். அவங்கவங்க உப்பு அவங்கவங்க கை."

எங்கிருந்து வந்துச்சோ! அந்தத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வடக்க போனதில்லை எங்க அத்தை.

சம்பந்தியம்மா விட்டாங்களா? நேரா சுனைனாவைப் பார்த்து, "ஏம்புள்ள, அப்படித்தானா உங்கூர்ல?"ன்னு கேட்டுட்டாங்க.

எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. சுனைனா அத்தையைப் பாத்தா. என்னைப் பாத்தா. வாயில இருந்த தலைப்பை எடுத்தா. அவ ஊர்க் கறிங்க்கா அது, அவங்கம்மா சொல்லிக் குடுத்தது. உப்பில்லாம செய்யறாங்கன்னு யாராவது சொன்னா எப்படி இருக்கும் அவளுக்கு? அவ நிமிந்து, "ஆமா அம்மாஜி. எங்க ஊருல அப்படித்தான். அவங்கவங்க கை"ன்னா. சொல்லிட்டு உள்ள வந்து தரையில உக்காந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறா, சத்தமே இல்லாம. நான் அவ முதுகைத் தட்டறேன், எனக்கும் சிரிப்பு.

சம்பந்தியம்மா தூவினாங்க, பெரட்டினாங்க, வாயில வச்சாங்க. கொஞ்ச நேரம் மெல்லறாங்க. அப்பறம், "இதுதானுங் முறை! நம்மூர்ல வச்சுப் போடறவங்க உப்பைக் கொட்டிக் கொட்டித்தான் எனக்குப் பிரஷர் ஏறிக் கெடக்குது"ன்னு நங்கையாவைப் பார்த்து ஒரு வெட்டு வெட்டினாங்க. நங்கையா மொகம் போன போக்கைப் பாக்கணுமே. நங்கையா ஒரு வாய் உப்பில்லாமயே தின்னு பாத்துட்டு, அம்மா மொகத்தைப் பாத்து, என் மொகத்தைப் பாத்து, "அம்மா, பானையில..."ன்னு ஆரம்பிச்சாங்க. "தூவித் தின்னு பூங்கொடி"ன்னாங்க அத்தை. அதோட சரி.

ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா, மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. கறி நல்லா இருக்குதுன்னு ஒருத்தர், ஒருத்தராவது சொல்லணுமே! அந்த எடமே சத்தமில்லை. எலும்பைக் கடிக்கற சத்தந்தான். அண்ணா மூணாவது வாட்டி சோறு வாங்கறப்போகூட வாயைத் தெறக்கலை, கையைத்தான் காட்டினார். சம்பந்தியம்மா பானைக்குள்ள சோத்தைப் போட்டு வழிச்சுத் தின்னாங்க. பொறவு போறப்போ, மிச்சம் இருந்த பூண்டைத் தூக்குப்போசியில கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. ஆனா நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை? ஹும். கெடையாது.

கடைசியில அத்தையும் நானும் சுனைனாவும் உக்காந்தோம். கறி கொஞ்சந்தான் இருந்துச்சு. அத்தை பெரிய துண்டா எடுத்து என் வட்டல்ல வச்சு, அவங்களே மூணு விரல்ல உப்பெடுத்துத் தூவி, "தின்னு"ன்னாங்க. பாருங்க, என் வட்டல்ல உப்பு தூவக்கூட என் கை மேல நம்பிக்கை இல்லை.

அன்னைக்கு ஆரம்பிச்ச கோவம்க்கா, இன்னும் தீரலை அவங்களுக்கு. அந்த ஜாடியையே தொடறதில்லை. "அத்தைங், உப்பு"ன்னு கூப்பிட்டா, "கை வலிக்குது, நீயே போடு"ங்கறாங்க. கை வலியாம்! அந்தக் கையிலதான் ரெண்டு குடம் தண்ணி தூக்கிட்டு நடக்கறாங்க. ரசத்துக்கு நான், பருப்புக்கு நான், மோருக்கும் நானே போடணும். எல்லாம் என் தலையில கட்டிட்டாங்க. மொதல்ல ரெண்டு நாள் கரிச்சுச்சு. ஒண்ணுமே சொல்லாமத் தின்னாங்க. திட்டினாக்கூடப் பரவாயில்லை. இப்பச் சரியாத்தான் வருது.

அது பத்தாதுன்னு தாராபுரத்துல இருக்கற அவங்க தம்பி வீட்டுக்கு அவங்களாவே போன் போட்டு, "தாரணி கறி திங்க வாங்க"ன்னு குடும்பத்தையே கூப்பிட்டுட்டாங்க. இன்னைக்குத்தான் வர்றாங்க; ஒரு பானைக்குக் கறி பெசஞ்சு வச்சாச்சு, இந்த வெங்காயமெல்லாம் ரெண்டாவது பானைக்கு. நங்கையா வேற நேத்துப் போன்ல, அவங்க மாமியார் அதே கறி வேணும்னு அடம் புடிக்கறாங்களாம், எப்படிச் செய்யறதுன்னு அரை மணி நேரம் எங்கிட்டக் கேக்கறாங்க. நான் எங்க பேசினேன், அவங்கதான் கேட்டுட்டே இருந்தாங்க.

உப்பு எவ்வளவுன்னு சொல்லவே இல்லையா? அதுக்குத்தானே இவ்வளவும். இருங்க, சொல்றேன். கறியைப் பெசஞ்சதும் உடனே போட்டுடக் கூடாது. வெங்காயம் தண்ணி விடறதைப் பாத்துட்டு, கல்லுப்பைக் கையில அள்ளி...

"தாரணீ! எங்க போய்த் தொலைஞ்ச? இவங்கெல்லாம் வந்து சுத்தி நிக்கறாங்க! கறிக்கு உப்பு என் தம்பி பொண்டாட்டி போடறேங்கறா. அதெல்லாம் ஆகாது, எங்க தாரணி வந்துதான் போடணும்னு சொல்லிட்டேன். வெசையா வா!"

கேட்டீங்களா? ஒரு உப்புப் போட உடம்பு வணங்கறதில்லை, அதுக்கும் நான்தான் ஓடணும். வந்துட்டேன்ங் அத்தை! இருங்க்கா, எந்திரிச்சிடாதீங்க, உப்பு மட்டும் நீங்க எப்படிப் போடணும்னா, கை நெறைய எடுத்து அதுல...